மலைநாட்டுக் காருக்கு வின்டர் டயரும் அலோய் வீலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் டயரோ ரிம்மோ மாற்றப் போகும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. லேசானவை முதலில், சிக்கலானவை பிறகு. பாதிக் கேள்விகளுக்குக் காரணம் ஜப்பானில் இருந்து வரும் ரீகண்டிஷன் கார்கள்தான். 2020இல் நின்றுபோன வாகன இறக்குமதி 2025இல் மறுபடி திறந்ததில் இருந்து இவை இன்னும் கூடிவிட்டன.

நம்ம நுவரெலியா குளிருக்கு வின்டர் டயர் போட்டா நல்லதுதானே அண்ணே?

வேண்டாம். வின்டர் டயர், பனி விழுந்து மூடிய ரோட்டுக்கும் தண்ணீர் உறைந்து கண்ணாடியாகிவிட்ட ரோட்டுக்கும் செய்தது. சாதாரண டயரின் ரப்பர் குளிரில் இறுகும். 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் அதன் பிடிமானம் குறையத் தொடங்கும் என்பது டயர் செய்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. வின்டர் டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாகவே இருக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் பகலில் 20 பாகையை ஒட்டித்தான் நிற்கிறது. விடியலில் சில மணி நேரம் குளிர் இறங்குவதற்காக வருடம் முழுவதும் வின்டர் டயரில் ஓடுவது சரியான கணக்கில்லை.

ஜனவரி, பெப்ரவரியில் புல்வெளி வெள்ளையாகி, தேயிலைக் கொழுந்து கருகுவதைக் காட்டி, "இது பனி இல்லையா?" என்று கேட்பார்கள். அது உறைபனி. பள்ளத்தில் உள்ள புல்லிலும் இலையிலும் படியும். தார் ரோட்டில் பகல் சூடு கொஞ்சம் மிஞ்சியிருப்பதால் அங்கே பெரும்பாலும் ஈரம் மட்டும்தான் இருக்கும். நம் ரோட்டில் கார் வழுக்குவது வேறு காரணங்களால்: மழைத் தண்ணீர், மரக்கறித் தோட்டத்து லொறிகள் இழுத்துவரும் சேறு, டர்பன்டைன் மர நிழலில் பிடித்த பாசி, கொண்டை ஊசி வளைவில் பஸ் சிந்திய டீசல். இவற்றில் ஒன்றுக்கும் வின்டர் டயர் மருந்து கிடையாது.

ஜப்பான்ல இருந்து வந்த காருல இருக்கிறது வின்டர் டயரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். ஜப்பானிய வின்டர் டயர் என்றால் ஸ்டட்லெஸ் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் பொறித்திருக்கும். பிரிஜ்ஸ்டோன் பிளிசாக், யோகோஹாமா ஐஸ்கார்ட், டன்லொப் வின்டர் மேக்ஸ், மிஷெலின் எக்ஸ் ஐஸ் என்ற பெயர்களில் ஒன்று இருந்தாலும் அதேதான். சிலவற்றில் மூன்று முகடுள்ள மலைக்குள் ஒரு பனிச்செதில் வரைந்த சின்னம் இருக்கும். அளவுக்குப் பக்கத்தில் வரும் வேக எழுத்தும் காட்டிக்கொடுக்கும். ஜப்பானிய ஸ்டட்லெஸ் டயர்களில் பெரும்பாலும் அது கியூ, அதாவது மணிக்கு 160 கிலோமீற்றர் வரை. வெறும் எம் பிளஸ் எஸ் (சேறும் பனியும்) குறி மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம். பல சாதாரண ஜீப் டயர்களிலும் அது உண்டு.

எழுத்து தேய்ந்து போயிருந்தால் கையால் பார்க்கலாம். வின்டர் டயரின் ஒவ்வொரு ரப்பர் கட்டையிலும் மெல்லிய வெட்டுகள் வளைந்து வளைந்து வரிசையாக ஓடும். ஒரு விசிட்டிங் கார்டின் ஓரம் மட்டுமே அதற்குள் போகும். கட்டையைப் பெருவிரலால் பக்கவாட்டில் தள்ளினால் அந்த வெட்டுகள் திறந்து மூடி, கட்டை நெளியும். சாதாரண டயர் அப்படி அசைந்து கொடுக்காது.

டயர் புதுசு மாதிரி இருக்கு, கழட்ட மனசே வரல. ஓட்டித் தீர்த்துட்டு மாத்தலாமா?

மனசு வராதது புரிகிறது, நாலு டயரின் விலை அப்படி. ஆனாலும் மலையில் இருப்பவருக்கு நான் சொல்வது, கழற்றுங்கள் என்றுதான். இப்போது சொன்ன அந்த நெளிவுதான் பிரச்சினை. உறைந்த தண்ணீரின் மேல் இருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தைத் துடைத்து எடுக்க அந்த வெட்டுகள் வேண்டும். நனைந்த தார் ரோட்டில் அதே வெட்டுகளால் கட்டை ஆடும், பிரேக் பிடித்தால் கார் நிற்க எடுக்கும் தூரம் கூடும். றம்பொடை இறக்கத்தில் மழைக்குள் ஒரு வளைவு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் அந்தத் தூரம் உங்களிடம் இருக்காது.

அதோடு, மென்மையான ரப்பர் கொழும்பு வெயிலில் சீக்கிரம் தேயும். தேயாமல் நிற்கும் பழைய வின்டர் டயர் அதைவிட மோசம். ரப்பர் வயதாகி இறுகியிருக்கும், காடி, அதாவது டயரில் வெட்டிய பள்ளம், மட்டும் ஆழமாக இருந்து கண்ணை ஏமாற்றும். மாற்றப் பணம் சேரும்வரை ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் வேகத்தைக் குறையுங்கள், முன்னால் போகும் வாகனத்துக்கு வழக்கத்தைவிட இரட்டிப்பு இடைவெளி விடுங்கள், மழை நேரத்தில் நீண்ட இறக்கப் பயணம் வைக்காதீர்கள்.

கனடாவுல எங்க தம்பி வருசத்துக்கு ரெண்டு தடவ டயர் மாத்துறான். அங்க மட்டும் ஏன்?

அங்கே சட்டமே இருக்கிறது. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். உறைநிலைக்குக் கீழே மாதக்கணக்கில் ஓடும் இடம் அது. தம்பி குளிர்காலத்துக்கென்று இன்னொரு ரிம் செட்டையே வைத்திருப்பார். டயரை ரிம்மில் இருந்து கழற்றி மாட்டாமல் வீலோடு மாற்றிவிடலாம்.

ஜப்பானிலும் வடக்கே ஹொக்கைடோ போன்ற பகுதிகளில் இதே நிலைதான். முன்பு அங்கே டயரில் உலோக ஆணி அடித்து ஓடினார்கள். அது ரோட்டைச் சுரண்டிக் கிளப்பிய தூசியால் 1990இல் தனிச்சட்டம் போட்டார்கள். ஆணி இல்லாத ஸ்டட்லெஸ் அதற்குப் பிறகுதான் அங்கே எங்கும் பரவியது. குளிர்காலத்தில் விற்ற கார் அந்த டயரோடே கப்பலேறி நம்மிடம் வந்துவிடுகிறது.

அப்போ மழைக்கும் மூட்டத்துக்கும் எந்த டயர்தான் எடுக்கிறது?

புதிய, சாதாரணக் கோடை டயர். பிராண்டைவிட மூன்று விஷயம் முக்கியம்: சமீபத்தில் செய்தது, தண்ணீரை வெளியே தள்ள அகலமான நீளக் காடிகள் உள்ளது, காரின் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்ட அளவும் எடைக் குறியீடும் உள்ளது. காடிக்குள் தெரியும் சின்ன மேடுதான் தேய்மானக் குறி, 1.6 மில்லிமீற்றரில் இருக்கும். அந்த அளவுக்குத் தேயும்வரை காத்திருக்காதீர்கள். மழை ரோட்டில் அதற்கு முன்பே டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கிவிடும். மலையில் 3 மில்லிமீற்றருக்கு வந்ததும் மாற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் மே மாதத்தில் இருந்து தென்மேல் பருவமழை. பதுளை, வெலிமடைப் பக்கம் ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரைதான் கனத்த மழை. டயர் வாங்குவதை உங்கள் பக்கத்து மழைக்கு முந்திய மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டயர் எப்ப செஞ்சதுன்னு கடைக்காரர் சொல்றத நம்புறதா?

நம்பத் தேவையே இல்லை, டயரிலேயே இருக்கிறது. பக்கச் சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். ஒரு பக்கத்தில் அந்த நாலு இலக்கம் இல்லாவிட்டால் மறுபக்கத்தில் இருக்கும். மாட்டுவதற்கு முன் நாலு டயரிலும் பார்த்துவிடுங்கள். மாட்டிய பிறகு உள்பக்கம் போய்விட்டால் காருக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ரெண்டு டயருக்குத்தான் காசு இருக்கு. முன்னுக்குப் போடவா, பின்னுக்குப் போடவா?

பின்னுக்கு. முன் சக்கரம் இழுக்கும் காரென்றால் எல்லோரும் முன்னுக்குத்தான் போடச் சொல்வார்கள். ஈரமான தோட்டத்து ரோட்டில் ஏறும்போது முன் சக்கரம் சுழல்வது கண்ணுக்குத் தெரிகிறது அல்லவா, அதனால். ஆனால் ஏற்றத்தில் சுழன்றால் கார் நிற்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்ந்து பின் சக்கரம் லேசாகிவிடும். அந்த நேரம் பின் டயர் வழுக்கினால் கார் சுற்றும், சாதாரணமாக ஓட்டுகிறவரால் அதைத் திருப்பிப் பிடிக்க முடியாது.

இதே காரணத்துக்காக, இரண்டு வின்டர் டயரும் இரண்டு சாதாரண டயரும் கலந்து ஓடவே கூடாது. எந்தப் பக்கம் போட்டாலும் முன்னும் பின்னும் இரண்டு விதமாகப் பிடிக்கும்.

நாலு நட் வீல்னா எல்லா நாலு நட் காருக்கும் பொருந்தும்தானே?

பொருந்தாது. வீல் வாங்கும்போது நாலு அளவு பார்க்க வேண்டும். முதலாவது நட் வட்டத்தின் விட்டம், கடையில் பி.சி.டி. என்பார்கள். டொயோட்டா அக்குவா, விட்ஸ், ஹொண்டா ஃபிட், சுசுகி வேகன் ஆர் எல்லாம் நாலு நட், 100 மில்லிமீற்றர். ஹொண்டா வெசல் ஐந்து நட், 114.3. இரண்டாவது நடு ஓட்டையின் அளவு. மூன்றாவது ரிம்மின் அகலம். நாலாவது ஆஃப்செட், அதாவது காரில் வீல் உட்காரும் நடுப்பாகமான ஹப்பில் ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டில் இருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது.

பி.சி.டி. ஒன்றாக இருந்தும் ஏமாறும் இடம் நடு ஓட்டைதான். அக்குவாவின் ஹப் 54.1 மில்லிமீற்றர், ஃபிட்டின் ஹப் 56.1. அக்குவாவின் ஒரிஜினல் வீலை ஃபிட்டுக்குப் போட்டால் ஹப்பில் ஏறவே ஏறாது. ஃபிட்டின் வீலை அக்குவாவுக்குப் போட்டால் ஏறிவிடும், ஆனால் சுற்றிலும் ஒரு மில்லிமீற்றர் இடைவெளி நிற்கும். அந்த இடைவெளி என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

அக்குவாவுக்கு 16 இஞ்சி போடலாமா? பெருசா இருந்தா பார்க்க நல்லா இருக்குமே.

போடலாம், டயர் அளவைச் சரியாக எடுத்தால். அக்குவாவில் வரும் 175/65 ஆர் 15 டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 608 மில்லிமீற்றர். 195/50 ஆர் 16 போட்டால் 601, வித்தியாசம் ஒரு சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், பரவாயில்லை. 195/55 ஆர் 16 என்றால் 621 ஆகிவிடும். ஸ்பீடோமீற்றர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும் பக்கம் போகும், முழுதாக ஸ்டியரிங் வெட்டும்போது உள்ளே உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கணக்கு எளிது: முதல் எண்ணான அகலத்தை நடு எண்ணின் சதவீதத்தால் பெருக்கி, இரண்டால் பெருக்கி, ரிம் இஞ்சியை 25.4 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். பழைய உயரத்தில் இருந்து மூன்று சதவீதத்துக்கு மேல் விலகாமல் பாருங்கள்.

ஆனால் போட வேண்டுமா என்று கேட்டால், தோட்டத்துக்குள் வீடு இருப்பவருக்கு வேண்டாம் என்பேன். மேலே உள்ள இரண்டு டயரில் 15 இஞ்சிக்காரனின் பக்கச் சுவர் 114 மில்லிமீற்றர் உயரம், 16 இஞ்சி 195/50இன் சுவர் 98 மட்டும். குழியில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றுவது அந்தச் சுவர்தான். கற்கள் துருத்திக்கொண்டிருக்கும் ரோட்டில் தினமும் ஏறி இறங்குபவருக்கு அந்த 16 மில்லிமீற்றர் பெரிய விஷயம். கவனத்துக்கு இன்னொன்று: பெரிய வீல் பெரும்பாலும் கனமாகவும் இருக்கும். ஏற்றத்தில் இழுவையும் இறக்கத்தில் பிரேக்கும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆஃப்செட் கொஞ்சம் வித்தியாசம்தான், ஸ்பேசர் போட்டுத் தர்றேன்னு சொல்றாங்க. எடுக்கவா?

எடுக்காதீர்கள். 45 இருக்க வேண்டிய இடத்தில் 35 ஆஃப்செட் வீல் போட்டால், ரிம் அகலம் அதேதான் என்றாலும் வீல் 10 மில்லிமீற்றர் வெளியே வந்து நிற்கும். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தட்டுதான் ஸ்பேசர், அது வீலை இன்னும் வெளியே தள்ளும். பேரிங்கில் சுமை கூடும், வளைவில் டயர் மட்கார்டில் உரசும், மெல்லிய தட்டு ஸ்பேசராக இருந்தால் நட் பிடிக்கும் மரையும் குறைந்துவிடும். ஆஃப்செட் எண் வீலின் உள்பக்கத்தில் பொறித்திருக்கும். சரியான எண் கிடைக்கும்வரை தேடுங்கள்.

ஊருக்குள்ள ஓடுறப்ப ஒண்ணும் தெரியல. ஹைவேயில 80க்கு மேல போனா ஸ்டியரிங் நடுங்குது. பெலன்சிங் மூணு தடவ செஞ்சாச்சு.

மேலே சொன்ன நடு ஓட்டை இடைவெளியை முதலில் சந்தேகியுங்கள். கடையில் விற்கும் அலோய் வீல்களின் நடு ஓட்டையை எல்லாக் காருக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாகவே வெட்டியிருப்பார்கள். வீல் ஹப்பில் நடுவாக உட்காராமல் நட்டில் மட்டும் தொங்கினால் கொஞ்சம் ஒருபக்கமாக நின்றுவிடும். பெலன்சிங் மெஷினில் வீல் சரியாகத்தான் சுற்றும், காரில் மாட்டியதும் நடுங்கும். ஹட்டனில் இருந்து நுவரெலியாவுக்கு யாரும் அந்த வேகத்தில் போவதில்லை என்பதால் மலையில் இருக்கும்வரை இது வெளியே வராது.

தீர்வு மலிவானது. ஹப் ரிங் என்ற வளையம், வெளி விட்டம் வீலின் ஓட்டைக்கும் உள் விட்டம் உங்கள் ஹப்புக்கும் சரியாக இருக்க வேண்டும். மாட்டும் முன் ஹப்பில் உள்ள துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். நம் மழைக்கு அங்கே துரு கட்டாயம் இருக்கும். அதற்குப் பிறகும் நடுங்கினால் ரிம் வளைந்திருக்கிறதா, டயர் வட்டம் கெட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய நட்டையே போடலாமா, இல்ல புதுசு வாங்கணுமா?

இதில் உயிர் இருக்கிறது, தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். நட் வீலில் உட்காரும் முகம் ஒரே மாதிரி இல்லை. ஹொண்டாவின் ஒரிஜினல் வீலுக்கு உருண்டை முகம். வெளியில் வாங்கும் அலோய் வீலுக்குப் பெரும்பாலும் 60 பாகை சாய்ந்த கூம்பு முகம். சில டொயோட்டா அலோய்க்கு வாஷரோடு தட்டை முகம். உருண்டை முக நட்டைக் கூம்புக் குழியில் போட்டால் இறுகியது போல இருக்கும், ஆனால் ஒரு மெல்லிய வட்டத்தில் மட்டும்தான் தொடும். ஓட ஓடத் தளரும்.

மரையும் மாறும். டொயோட்டா, ஹொண்டா கார்களில் பொதுவாக 12க்கு 1.5 (போல்ட்டின் விட்டமும் மரை இடைவெளியும், மில்லிமீற்றரில்). சுசுகி, நிசானில் 12க்கு 1.25. வேகன் ஆருக்கும் அக்குவாவுக்கும் பி.சி.டி. ஒன்று என்பதால் நட்டும் ஒன்று என்று நினைத்துவிடுவார்கள். தவறான நட் ஒன்றிரண்டு சுற்று கையில் ஏறும், பிறகு இறுகும். அதை ஸ்பேனரால் வலிந்து திருப்பினால் போல்ட்டின் மரை நாசம். முதல் ஐந்தாறு சுற்று வெறும் கையால் லேசாக ஏறாத நட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

நட்டை எவ்வளவு இறுக்கணும்? கராஜ் பாஸ், ஸ்பேனர் மேல ஏறி நின்னு இறுக்குறார்.

ஏறி நிற்கவே கூடாது. டொயோட்டாவுக்கு 103 நியூட்டன் மீற்றர், ஹொண்டாவுக்கு 108, வேகன் ஆருக்கு 85. முப்பது சென்றிமீற்றர் ஸ்பேனரின் நுனியில் சுமார் 35 கிலோ எடை அழுத்தினால் 103 வந்துவிடும். முழு ஆள் ஏறி நின்றால் போல்ட் இழுபடும், பிரேக் டிஸ்க் கோணும், மழையில் நடு ரோட்டில் பங்சர் ஆனால் உங்களால் கழற்றவும் முடியாது. இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரெஞ்ச் வைத்திருக்கும் கடையாகப் பாருங்கள். குறுக்குக் குறுக்காக இறுக்க வேண்டும், புது வீல் போட்டு 100 கிலோமீற்றருக்குள் ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும்.

கொழும்புல காத்தடிச்சிட்டு மலைக்கு ஏறினா காத்து கூடுமா குறையுமா?

இரண்டும் நடந்து, கிட்டத்தட்ட ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். 32 பாகையில் கொழும்பில் 33 பி.எஸ்.ஐ. அடித்ததாக வைப்போம். நுவரெலியாவில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. குறைவு என்பதால் மீற்றர் அவ்வளவு கூட்டிக் காட்டப் பார்க்கும். விடியலில் 10 பாகைக்கு டயர் குளிர்ந்தால் உள்ளே உள்ள காற்று அதைவிடச் சற்று அதிகமாகவே சுருங்கும். முடிவில் 32.5 பக்கம் நிற்கும். இறங்கும்போதும் அப்படித்தான். ஆகவே பயணத்துக்காகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஓடிச் சூடான டயரில் மட்டும் பார்க்காதீர்கள், காலையில் பாருங்கள். எவ்வளவு என்பது அதே கதவுத் தூண் ஸ்டிக்கரில் இருக்கிறது.

கல்லுல அடிபட்டு அலோயில ஒரு கீறல். வெல்ட் பண்ணித் தர்றாங்களாம்.

மேல் பெயின்ட் கீறல் என்றால் விட்டுவிடலாம். வெடிப்பு என்றால் அந்த வீலை ஒதுக்குங்கள். வெல்ட் சூட்டில் சுற்றியுள்ள அலோயின் வலு குறையும், அடுத்த குழியில் எங்கே பிளக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உள்பக்கத்தையும் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும், வாரத்துக்கு ஒருமுறை காரணம் தெரியாமல் காற்று இறங்குவதுதான் முதல் அடையாளம்.

ஸ்பேர் வீல் இல்லாத கார். பழைய இரும்பு வீல் ஒண்ணு வாங்கி டிக்கியில போட்டா போதுமா?

நல்ல யோசனை. பல ஹைபிரிட் கார்களில் பங்சர் ஒட்டும் திரவமும் பம்பும்தான் வருகின்றன, கல்லில் பக்கச் சுவர் கிழிந்தால் அவை உதவாது. வாங்கும் வீலை முன் பக்கத்தில் ஒருமுறை மாட்டிச் சுற்றிப் பாருங்கள், பிரேக் கெலிப்பரில் இடிக்கக் கூடாது. டயர் உயரம் மற்ற மூன்றோடு ஒத்துப்போக வேண்டும், வயதை டி.ஓ.டி. இலக்கத்தில் பார்க்க வேண்டும். நட் விஷயத்தில் மேலே சொன்னது இங்கேயும் உண்டு: உங்கள் அலோய்க்கு ஒருவகை நட்டும் இரும்பு வீலுக்கு இன்னொரு வகையும் தேவைப்பட்டால், இரும்பு வீலுக்குரிய ஒரு செட் நட்டை ஒரு பையில் கட்டி அந்த வீலோடேயே வைத்துவிடுங்கள்.

புது வீல் போட்டதுக்கப்புறம் இறக்கத்துல பிரேக் வாடை வருது. வீல்தான் காரணமா?

வீலும் காரணமாக இருக்கலாம். கனமான வீல், உயரம் கூடிய டயர், காற்றுப் போக வழி குறைந்த டிசைன் என்றால் பிரேக் முன்பைவிட அதிகம் உழைத்து, மெதுவாகத்தான் குளிரும். பழைய வீலையும் புதியதையும் தராசில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரு வீல் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அது வேறு கதை: கெலிப்பர் இறுகியிருக்கும், உடனே கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

ஆனால் வாடை வரும் கார்களில் பெரும்பாலானவற்றில் நான் கண்டது ஓட்டும் முறைதான். ஹைபிரிட்டில் பி நிலையும் (ஆங்கில B, பார்க்கிங் P அல்ல), சாதாரண ஒட்டோ கியரில் எல் அல்லது 2உம் இறக்கத்துக்காகவே இருக்கின்றன. அப்புத்தளையில் இருந்து பெரகலைக்கு இறங்கும்போது டி நிலையிலேயே விட்டு பிரேக்கில் காலை வைத்தபடி வந்தால் எந்த வீலிலும் வாடை வரும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். வாடை வந்துவிட்டால் அகலமான இடமாகப் பார்த்து ஒதுங்கி, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அது கோணிவிடும்.